கண்ணாடித் தொட்டியில் ஒரு மாரிகாலம்

மட்டக்களப்பு நகரிலிருந்து கடற்கரை வீதி வழியே தெற்கு நோக்கிச் செல்பவருக்கு இடப்பக்கம் கடலும் வலப்பக்கம் வாவியும் துணை வரும். காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிக்குடி, கல்லாறு என்று ஊர்கள் இடைவெளியின்றித் தொடர்கின்றன. தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்து வாழும் ஊர்கள் அவை. கைத்தறிக்குப் பெயர்போன மருதமுனையையும் பாண்டிருப்பையும் தாண்டிக் கல்முனைச் சந்தியில் நான் பஸ்ஸை விட்டு இறங்கியபோது, ஏறக்குறைய 40 கிலோமீட்டர் பயணம் முடிந்திருந்தது. மழை மட்டும் முடியவில்லை. கார்த்திகை மாதத்தின் கடைசி வாரம். வாடைக் காற்று கடலிலிருந்து வீசிக்கொண்டிருந்தது.

கல்முனை தண்ணீரால் சூழப்பட்ட ஊர். கிழக்கே கடல். ஏறக்குறைய 56 கிலோமீட்டர் நீளமான மட்டக்களப்பு வாவி தெற்கே இந்தப் பகுதியில்தான் வந்து முடிகிறது. மேற்கே, 1949ஆம் ஆண்டு தொடங்கிய கல்லோயாத் திட்டத்தின் பயனால் செழித்த வயல்வெளிகள் கண்ணுக்கெட்டிய தூரம் பரந்து கிடக்கின்றன. 1961இல் அம்பாறை தனி மாவட்டமாகும் வரை இவ்வூர்கள் யாவும் மட்டக்களப்பு மாவட்டத்தைச் சேர்ந்தவையே. கரைவாகு என்ற பழம்பெயரைப் பெரியவர்கள் இன்றும் மறக்கவில்லை.

உப்புநீர், கலப்புநீர், நன்னீர் என்ற மூவகை நீருக்கும் உரிய மீன்கள் இவ்வூர்ச் சந்தைக்கு வருகின்றன. மீசை வைத்த மீன்களை மட்டும் எடுத்துக்கொண்டாலும், கடலுக்கும் வாவிக்கும் கெளிறு உண்டு. வயலுக்கும் குளத்துக்கும் சுங்கான் உண்டு. ஆனால் நான் கண்டு வியந்த மீசைக்கார மீன் இவற்றில் எதிலும் வாழ்வதன்று. அது என் நண்பரின் வீட்டு மண்டபத்தில், இரண்டடி நீளமான கண்ணாடித் தொட்டியில் வாழ்ந்தது.

நண்பர் விஞ்ஞான ஆசிரியர். நாங்கள் இருவரும் ஆசிரிய கலாசாலையில் ஒன்றாகப் பயின்றவர்கள். கடற்கரையை அடுத்திருந்த அவருடைய பழைய வீடு 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலையில் அழிந்துபோயிற்று. அந்த வீட்டிலும் ஒரு மீன்தொட்டி இருந்தது. வீதிக்கு மேற்கே புதுவீடு கட்டிய பின்னர் பல ஆண்டுகள் அவர் மீன் வளர்ப்பதை நினைக்கவே இல்லை. எட்டாம் தரத்தில் படிக்கும் மகள் ஆசைப்பட்டதால் மறுபடியும் ஒரு தொட்டி வாங்கினாராம்.

தொட்டியின் அடியில் மெல்லிய மணல். அதன்மேல் தயிர் விற்கும் மண்சட்டியொன்று கவிழ்ந்திருந்தது. அந்தச் சட்டியின் நிழலில் ஐந்து சிறு மீன்கள் மணலை முகர்ந்துகொண்டிருந்தன. ஒவ்வொன்றும் பெருவிரல் நீளம்; உடம்பில் செதிளுக்குப் பதிலாக இரு வரிசை எலும்புத் தகடுகள்; வாயருகே குட்டி மீசை. இவற்றை மீன் வளர்ப்போர் வெண்கலக் கோரிடோராஸ் என்பர். தென் அமெரிக்காவிலும் டிரினிடாட் தீவிலும் உள்ள ஆறுகள் இவற்றின் தாயகம். தியடோர் கில் என்னும் அமெரிக்க அறிஞர் 1858இல் இம்மீனை உலகுக்கு விவரித்தார். இடையிடையே ஒரு மீன் அம்பு போல் மேலே பாய்ந்து, ஒரு வாய் காற்றை விழுங்கிக்கொண்டு கீழே இறங்கியது. குடலால் காற்றைச் சுவாசிக்கும் வல்லமை இதற்கு உண்டு. நம் சுங்கானும் வெளிக்காற்றைச் சுவாசிப்பதே. ஆனால் அதற்கு உதவுவது உடலின் இருமருங்கும் நீண்டு கிடக்கும் காற்றுப் பைகள்.

“சரியான வேளையில் வந்திருக்கிறீர்கள். இன்றிரவு நாங்கள் மழையைத் தொட்டிக்குள் இறக்கப் போகிறோம்” என்றார் நண்பர்.

எனக்கு விளங்கவில்லை. அவர் விளக்கினார். மாரி மழை பெய்து கரைவாகு வட்டையில் வெள்ளம் நிரம்பும்போதுதான் சுங்கான் முட்டையிடுகிறது. தென் அமெரிக்க மீனுக்கும் அதே இயல்பு. புதுமழையால் ஆறு குளிர்ந்ததும், குஞ்சுகளுக்கு இரை பெருகும் காலம் வந்துவிட்டதென்று அது அறிந்துகொள்ளும். கல்முனையின் வெயிற்காலத்தில் தொட்டி நீர் 29 பாகை செல்சியஸுக்குக் குறைவதில்லை. அந்தச் சூட்டில் இம்மீன் முட்டையிட விரும்பாது. ஆகவே மழைநீரை மண்குடத்தில் பிடித்து ஆறவைத்து, தொட்டி நீரில் பாதியை அகற்றிவிட்டு, அதை மெல்ல மெல்ல ஊற்ற வேண்டும். வைத்தியசாலைகளில் சேலைன் ஏற்றும் மெல்லிய குழாய் போன்ற ஒன்றினால் அன்றிரவு சொட்டுச் சொட்டாக மழைநீர் இறங்கிற்று. வெப்பமானி 25 பாகையைக் காட்டியது.

மகள் ஒன்றும் பேசாமல் நின்றாள். காரணத்தை நண்பரின் மனைவி பின்னர் சொன்னார். முதல் ஆண்டிலும் இம்மீன்கள் முட்டையிட்டன. நீர் குறைந்திருக்கக் கண்ட சிறுமி, குழாய்த் தண்ணீரை நேராகப் பிடித்து ஊற்றிவிட்டாள். குடிநீரில் கலக்கும் குளோரின் மனிதருக்குத் தீங்கு செய்யாத அளவினதுதான். மீனுக்கோ அது நஞ்சு. ஒருநாள் முழுவதும் திறந்த பாத்திரத்தில் வைத்திருந்தால் அது போய்விடும் என்பதைச் சிறுமி அறியாள். முட்டையும் போயிற்று, தாய்மீன்களில் இரண்டும் போயின. இரண்டு நாள் அவள் சரியாகச் சாப்பிடவில்லையாம்.

“உயிரைக் கொண்டு வந்து சாகடிக்கிறதெண்டா, இந்த வீட்டில மீன் வேணாம் மகள். இன்னும் ஒரு முறை பார்ப்பம். அதோட சரி” என்று தாய் தீர்ப்புச் சொல்லியிருந்தார். அந்த ஒரு முறைதான் இது.

மறுநாள் சனிக்கிழமை. காலையில் தொட்டியருகே நடந்ததை நான் இலகுவில் மறக்கமாட்டேன். பெண்மீன் ஆணின் வயிற்றருகே வாயை வைத்து அசையாது நின்றது. பிறகு தன் அடிச்சிறகுகள் இரண்டையும் கை கூப்பியது போல் குவித்தது. அக்குவியலுக்குள் இரண்டு மூன்று முட்டைகள். அவற்றைச் சுமந்துகொண்டு கண்ணாடியருகே வந்து, ஓரிடத்தை வாயால் துடைத்துச் சுத்தம் செய்து, முட்டைகளை அங்கே ஒட்டிவிட்டுத் திரும்பிற்று. நண்பகல் வரை இதே வேலை. சிறுமி எண்ணினாள், கடுகளவான முட்டைகள் 112.

இத்தனை பாடுபட்டு ஒட்டிய முட்டைகளை அதே மீன் சற்று நேரத்தில் தின்னவும் கூடும்! குஞ்சைக் காக்கும் குணம் இவ்வினத்துக்கு வாய்க்கவில்லை. முட்டை சற்று இறுகியதும், நண்பர் பழைய பிளாஸ்டிக் அட்டையொன்றால் அவற்றை மெதுவாகச் சுரண்டி எடுத்து, தொட்டி நீரே நிரப்பிய ஐஸ்கிறீம் பெட்டிக்கு மாற்றினார். நாட்டு வாதுமை மரத்தின் காய்ந்த இலையொன்றும் அதில் இடப்பட்டது. நீர் பிளேன்டீயின் நிறம் பெற்றது. அவ்விலையின் சாறு பூஞ்சணத்தை ஓரளவு தடுக்குமென்பது மீன் வளர்ப்போரின் நம்பிக்கை. காற்றுப் பம்பியின் குமிழிகள் முட்டைகளை மெல்ல அசைத்துக்கொண்டிருந்தன.

ஞாயிறன்று சில முட்டைகள் வெளுத்தன. கருக்கொள்ளாத முட்டை வெளுக்கும். வெளுத்ததில் பஞ்சு போலப் பூஞ்சணம் படரும். அது அருகிலிருக்கும் நல்ல முட்டையையும் பற்றும். எனவே வெளுத்தவற்றை அன்றன்றே அகற்றிவிட வேண்டும். நண்பர் கோழி இறகொன்றை மகளிடம் கொடுத்தார். அவள் தயங்கினாள். முதல் ஆண்டின் நினைவு அவள் கையைப் பிடித்திழுத்திருக்க வேண்டும். பிறகு மூச்சை அடக்கிக்கொண்டு ஒவ்வொன்றாக ஒதுக்கத் தொடங்கினாள். அன்று 17; மறுநாள் 12.

திங்கட்கிழமை மழை சற்று ஓய்ந்திருந்ததால் மூவருமாகக் கிட்டங்கிப் பக்கம் போனோம். கல்முனையையும் மேற்கே உள்ள சவளக்கடையையும் இணைக்கும் வீதி அவ்விடத்தில் வாவியைக் கடக்கிறது. பெருமழைக்கு அதன்மேல் வெள்ளம் பாய்வது வழக்கம், அன்றும் பாய்ந்தது. கரையில் வலை உதறிக்கொண்டிருந்த முதியவர் ஒருவரிடம், முட்டைக் கதையை நண்பர் சொன்னார். முதியவர் சிரித்தார்.

“கெளிறைப் பார்த்திருக்கியா மகள்? ஆண்தான் முட்டையை வாய்க்குள்ள வச்சிக் காக்கும். குஞ்சாகும் மட்டும் இரை எடுக்காது. தூண்டிலுக்கு வராது, வலையிலதான் படும். பட்டா, முட்டையைத் துப்பிப் போடும்.”

இது வெறும் கதையன்று. கடற்கெளிற்று இனங்களில் ஆண்மீன் கோலிக்குண்டு போன்ற முட்டைகளை வாரக்கணக்கில் வாயிலே சுமந்து, பட்டினி கிடந்து காப்பதை விஞ்ஞானிகள் விரிவாக எழுதியிருக்கிறார்கள். நன்னீர்க் கெளிறொன்றின் தந்தைப் பாசத்தை 2,300 ஆண்டுகளுக்கு முன்னரே கிரேக்க அறிஞர் அரிஸ்டோட்டில் குறித்திருக்கிறார். முட்டைகளை விட்டகலாமல் ஆண்மீன் நாற்பது ஐம்பது நாள் காவல் நின்று, தின்ன வரும் சிறு மீன்களை விரட்டும் என்றார் அவர். நெடுங்காலம் பலர் அதை நம்பவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அது உண்மையெனத் தெளிந்தது. அந்த மீன் இன்று அரிஸ்டோட்டிலின் பெயராலேயே வழங்குகிறது.

வரும் வழியில் சிறுமி கேட்டாள்: “வாப்பா, எங்கட முட்டைக்கு ஆர் கெளிறு?” நண்பர் பதில் சொல்லவில்லை. அடுத்த இரவு அதற்குப் பதில் கிடைத்தது.

செவ்வாய் இரவு புயல்போல் காற்றடித்தது. பத்து மணிக்கு மின்சாரம் நின்றது. வீட்டின் ஓசைகளெல்லாம் அடங்கிய பிறகுதான், பம்பியின் சிறு இரைச்சலும் நின்றுபோனதை உணர்ந்தோம். நண்பர் பெட்டி நீரை இரண்டு விரற்கடை ஆழத்துக்குக் குறைத்தார். நீர் ஆழமின்றி இருந்தால் மேற்பரப்பிலிருந்தே காற்றுக் கரையும். ஆயினும் நீர் தேங்கிக் கிடக்கக் கூடாது. சிறிய சிரட்டையொன்றால் நீரை அள்ளி, விளிம்போரமாக மெல்ல ஊற்றி, பத்து நிமிடத்துக்கொரு முறை கலக்கிக்கொண்டிருப்பதென்று முடிவாயிற்று.

முதலில் நண்பர், அடுத்து நான். நள்ளிரவு கடந்து நான் எழுந்தபோது, சிரட்டையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டவர் யார் என்று நினைக்கிறீர்கள்? “அதோட சரி” என்று தீர்ப்புச் சொன்ன தாய்தான். விளக்கைச் சிறிதாக்கிக்கொண்டு இரண்டு மணிநேரம் அவர் அங்கே இருந்தார். கடைசி முறை மகளுடையது.

பள்ளிவாசலில் சுபஹ் பாங்கு ஒலித்தபோது “உம்மா!” என்று ஒரு குரல் கேட்டது. ஓடிச் சென்று பார்த்தோம். டோர்ச் வெளிச்சத்தில் நூலிழை போன்ற வால்கள் துடித்துக்கொண்டிருந்தன. வெளிச்சம் பட்டதும் ஓர் இழை இலையின் அடியில் ஒளிந்தது. பொழுது விடிவதற்குள் இருபது. அன்று மாலைக்குள் எழுபதுக்கு மேல்.

குஞ்சு பொரித்ததோடு வேலை முடிந்துவிடுவதில்லை. முதல் இரண்டு மூன்று நாளைக்கு வயிற்றோடு ஒட்டிய கருப்பையே அதற்கு உணவு. அதன் பின் இரை வேண்டும். அவித்த மஞ்சட்கருவைக் கரைத்து விடுவாரும் உண்டு. அது நீரை எளிதில் கெடுக்கும். ஆர்ட்டீமியா என்னும் உப்புநீர்ப் பூச்சியின் முட்டை கடைகளில் சிறு போத்தல்களில் விற்கப்படுகிறது. உப்புநீரில் இட்டுக் காற்றுச் செலுத்தினால் ஏறக்குறைய ஒருநாளில் பொரிக்கும். கல்முனையில் அதற்கு உப்புக் கரைக்க வேண்டியதில்லை. போத்தலோடு கடற்கரைக்குப் போனால் போதும். மருதமுனைச் சாரத்தின் கிழிந்த துண்டொன்றில் வடிகட்டி, நல்ல நீரில் அலசி, சிறுமி காலையும் மாலையும் ஊட்டினாள். தின்ற மிச்சத்தைக் குழாயால் உறிஞ்சி எடுத்து, அதே அளவு ஆறவைத்த மழைநீரை விடுவதும் அவள் பொறுப்பே.

நான் புறப்படுவதற்கு முதல்நாள் அயல்வீட்டுச் சிறுவர் கூடிவிட்டனர். இவ்வளவு குஞ்சுகளும் பெருத்தால் தொட்டி கொள்ளாதே, சாய்ந்தமருதுத் தோணாவில் விட்டால் என்ன என்று ஒருவன் கேட்டான். நண்பர் உடனே மறுத்தார். தொட்டிப் பாசியைத் தின்னுமென்று வாங்கப்பட்ட மற்றொரு தென் அமெரிக்க மீசை மீன், பெருத்த பிறகு வேண்டாமென்று ஆற்றிலும் குளத்திலும் விடப்பட்டு, இன்று இலங்கையின் நீர்நிலைகள் சிலவற்றில் பெருகி உள்ளூர் மீன்களுக்கு இடையூறாகி நிற்கிறது. “கூட்டி வந்தவர்கள் நாம். கடைசிவரை பார்த்துக்கொள்ள வேண்டியவர்களும் நாமே” என்றார்.

இரண்டு மாதம் சென்று தொலைபேசியில் சிறுமி பேசினாள். 46 குஞ்சுகள் தேறியிருந்தன, மீசையும் முளைத்துவிட்டது. பள்ளிக்கூடத்துக்குப் பத்து, தோழியருக்குப் பத்து என்று கணக்குச் சொன்னாள். எனக்கும் ஆறு தருவாயா என்று கேட்டேன்.

சற்று யோசித்தாள். “மாமா, உங்கட வீட்டில குழாய்த் தண்ணியா, கிணத்துத் தண்ணியா? ஒருநாள் ஆறவைப்பீங்களா? கரண்ட் போனா ஆர் முழிச்சிருக்கிறது?” என்று வரிசையாகக் கேட்டாள்.

முதல் இரண்டுக்கும் பதில் சொல்லிவிட்டேன். மூன்றாவதைப் பற்றி வீட்டில் ஆலோசித்துக்கொண்டிருக்கிறோம்.