கப்பல் நிற்பதோ நாலு மணி நேரம்... கடலோரத்தில் பூக்கும் இமயமலை நீலப் பூ!

நார்வேயின் பெர்கன் நகரில் கப்பல் ஏறி, ரஷ்ய எல்லையை ஒட்டிய கிர்கெனெஸ் வரை போய்த் திரும்ப 12 நாள்கள் ஆகும். வழியில் 34 துறைமுகங்கள். 1893-ல் தபாலும் சரக்கும் ஏற்றிச் செல்லத் தொடங்கிய கடலோர சேவை இது. இன்றும் பல ஊர்களில் கப்பல் சிறிது நேரம்தான் நிற்கும். இறங்கி ஒரு காபி குடிப்பதற்குள் சங்கு ஊதிவிடுவார்கள்.

நான்காம் நாள் மதியம் வரும் டிராம்சோ மட்டும் கொஞ்சம் தாராளம். வடக்கே போகும் கப்பல் இங்கே சுமார் நாலு மணி நேரம் நிற்கிறது. பெரும்பாலானோர் பாலம் தாண்டி, கேபிள் காரைப் பார்க்க ஓடுகிறார்கள். செடி கொடி பிரியர்களோ பாலம் தாண்டாமல், பல்கலைக்கழகப் பக்கம் போகும் பஸ்ஸைப் பிடிப்பது நல்லது.

அங்கே இருப்பது, 1994-ல் திறக்கப்பட்ட ஆர்க்டிக் ஆல்பைன் தாவரவியல் பூங்கா. உலகின் வடகோடித் தாவரவியல் பூங்கா இதுதான். பூட்டும் கதவு இல்லை, டிக்கெட்டும் இல்லை. சரிவில் பெரிய பெரிய பாறைகளை அடுக்கி, இடுக்குகளில் மலைச்செடிகளை நட்டிருக்கிறார்கள். இமயம், ஆண்டிஸ், ராக்கி என்று மலைக்கு ஒரு பாத்தி. பாதி செடிகள் கணுக்கால் உயரம்கூட இல்லை. குனிந்து பார்க்காவிட்டால் வெறும் கல்தான் தெரியும். 'சாக்ஸிஃப்ராகா' என்ற செடியின் லத்தீன் பெயருக்கே 'கல்லை உடைப்பது' என்று அர்த்தம்!

நம்மவர்களை நிறுத்திவைப்பது நீல பாப்பி. உத்தராகண்ட் பூக்களின் பள்ளத்தாக்கில் இதன் உறவுக்காரச் செடியைப் பார்க்க, 3,000 மீட்டருக்கு மேலே மூச்சு வாங்க ஏற வேண்டும். இங்கே கடலிலிருந்து சில நிமிட நடையில் ஜூலையில் பூத்து நிற்கிறது.

உயர்ந்த மலையின் குளிர்ந்த கோடை இங்கே கடல் மட்டத்திலேயே கிடைப்பதுதான் காரணம். குளிர்காலத்தில் வெதுவெதுப்பான கடல் நீரோட்டம் கடுங்குளிரைத் தணிக்கிறது. மேலே பனி கம்பளிபோல் மூடிக்கொள்ள, செடிகள் அடியில் பத்திரமாக உறங்குகின்றன. சிக்கல் வருவது நடுக்குளிர்காலத்தில் மழை பெய்தால்தான். பனி உருகி, மீண்டும் கண்ணாடிபோல் உறையும். காற்றுப் புகாமல் செடி மூச்சு முட்டும், ஈரம் தேங்கி வேர் அழுகும். பூமி சூடாகச் சூடாக இப்படிப்பட்ட குளிர்காலங்கள் கூடும். மைனஸ் குளிரைத் தாங்கும் செடிக்கு மழைதான் எமன்!

போக நல்ல காலம் ஜூன் கடைசியிலிருந்து ஆகஸ்ட் வரை. கோடையிலும் ஸ்வெட்டர் அவசியம். பஸ் நேரத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

திரும்பும் வழியில் இதே கப்பல் நள்ளிரவை ஒட்டி டிராம்சோ வருகிறது. ஜூலை 20 வாக்கு வரை அங்கே சூரியன் மறைவதில்லை. வானம் தெளிவாக இருந்தால் இரவு 12 மணிக்கு வெயிலில் நீல பாப்பியைப் பார்க்கலாம். டாக்ஸியைக் காத்திருக்கச் சொல்லிவிடுங்கள்... ஒன்றரை மணி வாக்கில் கப்பல் கிளம்பிவிடும்.