கொடிகாமத்துப் பலாச்சுளை

ஆனி மாதத்திற் கொடிகாமச் சந்தையை அணுகுவோரை முதலில் வரவேற்பது பலாப்பழத்தின் மணமே. தென்மராட்சியின் தேங்காயும் மாம்பழமும் பலாவும் குவியும் அவ்வூருக்கு, முன்னாள் மாணவரொருவரின் அழைப்பையேற்று யாழ்ப்பாணத்திலிருந்து சென்றோம். பேருந்தைத் தவிர்த்துப் புகையிரதத்தை நாடினோம். போரினால் 1990 இல் நின்று, 2014 இல் மீண்ட சேவை அது. ஆயினும், நம்மை ஈர்த்தது வரலாறன்று, பெட்டியிலுள்ள மலகூடமே!

வைத்தியர்கள் ஐ.பீ.எஸ். எனக் கூறும் குடல்நோய் நம்மைப் பல்லாண்டுகளாகப் பற்றியுள்ளது. சோதனையிற் புண்ணோ கட்டியோ தென்படாது. எனினும் வயிறு நோகும், ஊதும், திடீரென இளகும். குடலுக்கும் மூளைக்குமுள்ள தொடர்பு பிறழ்வதால், அச்சம் நோயைப் பெருக்கும். நோய் அச்சத்தைப் பெருக்கும். வெங்காயம், உள்ளி, பருப்பு முதலியன பலர்க்கு ஒவ்வா. உண்டதையும் உற்றதையும் நாட்குறிப்பில் எழுதியே நமக்குரிய அளவை அறிந்தோம். மலத்தில் இரத்தமோ காரணமற்ற மெலிவோ காணின், தாமதியாது வைத்தியரை நாடல் வேண்டும்.

மாணவரின் அன்னையார் தட்டு நிறையச் சுளைகளை வைத்தார். மறுத்தால் அவர் மனம் நோகும். உண்டால் நம் வயிறு நோகும். முதன்முறையாக உண்மையைச் சொன்னோம்.

"இதுக்கேன் மாஸ்டர் வெட்கம்? எங்கட ஐயாவுக்கும் உந்த வருத்தந்தான். இரண்டு சுளை எடுங்கோ. பாத்றூம் பின்பக்கம் இருக்கு" என்றார்.

இரண்டே சுளை உண்டோம். அன்று வயிறு அமைதியாயிருந்தது. இனி நமது பயணப்பையில் நாட்குறிப்போடு, வாய்விட்டுரைக்கும் துணிவும் இருக்கும்.