இறப்பர் வளையமும் ஈர்க்குச் சிறகும்



பிள்ளை ஒன்று வீட்டு மூலையில் குந்தியிருந்து ஈர்க்கும் கடதாசியும் வைத்து எதையோ ஒட்டிக்கொண்டிருந்தால் நமக்கு உடனே கோபம் வருகிறது. "படிக்கிற நேரத்தில் இதென்ன விளையாட்டு?" என்று அதட்டுகிறோம். அந்த விளையாட்டுக்குள் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்க்க நமக்கு நேரமில்லை. இந்த மாதம் அதைப் பற்றித்தான் உங்களோடு பேசப் போகிறேன்.

திருகோணமலைத் துறைமுகத்தை அண்டி வாழும் எங்களுக்கு விமானம் புதிதல்ல. சீனன்குடா ஓடுபாதை இங்கேதான் இருக்கிறது. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் இந்தத் துறைமுகத்தையும் சீனன்குடாவையும் குண்டு வீசித் தாக்கின. பிறகு நம் காலத்துப் போர் வந்தது. 2006 ஓகஸ்டில் மூதூர் மக்கள் உடுத்த உடுப்போடு கந்தளாய்க்கு ஓடியதை நம்மில் யார் மறந்தோம்? வானில் இரைச்சல் கேட்டால் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு கட்டிலுக்கடியில் புகுந்த தாய்மார் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள்.

அப்படி ஓடி வந்தவர்களில் ஒரு சிறுமி இன்று பன்னிரண்டு வயது மகனுக்குத் தாய். கணவர் கட்டாரில். தையல் மெஷின் ஒன்றை வைத்துக் குடும்பத்தைத் தாங்குகிறார். ஓர் அஸர் தொழுகைக்குப் பின் மகனோடு என் வீட்டுக்கு வந்தார்.

"ஹஸரத், இவனுக்குக் கொஞ்சம் புத்தி சொல்லுங்க. கணக்குப் பாடத்துல முப்பது மார்க்கு. எந்நேரமும் ஈர்க்கும் பேப்பருந்தான். பிளேன் செய்யிறானாம்! அந்தச் சாமானையே எனக்குக் கண்ணுல காட்ட வேணாம். அடுப்புல போடப் போறன்."

பையன் தலை குனிந்து நின்றான். கையில் ஒரு மூங்கில் குச்சி. மெல்லச் சொன்னான்: "உம்மா, இது சத்தம் போடாது. றப்பர்தான் சுத்தும்."

அந்தத் தாய் வாயடைத்துப் போனார். அவர் அஞ்சியது கணக்குப் பாடத்தை மட்டுமல்ல என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. "ஒரு கிழமை பொறுங்க மகள். அடுப்பு எங்கயும் ஓடாது" என்றேன்.

சகோதரிகளே, இறப்பரில் பறக்கும் விமானம் வேடிக்கைப் பொருள் என்று எண்ணிவிடாதீர்கள். 1871 ஓகஸ்ட் 18ஆம் திகதி பாரிஸ் நகரப் பூங்காவொன்றில் அல்போன்ஸ் பெனோ என்ற இளைஞர் முறுக்கிய இறப்பரால் இயங்கும் சிறு விமானத்தைப் பறக்க விட்டார். 11 வினாடியில் அது ஏறத்தாழ 40 மீற்றர் பறந்தது. 1878இல் அமெரிக்காவில் ஒரு தந்தை, பெனோவின் முறையில் செய்த இறப்பர் விளையாட்டுச் சாமான் ஒன்றைத் தம் இரு பிள்ளைகளுக்கு வாங்கி வந்தார். வில்பருக்குப் பதினொரு வயது, ஓர்வில்லுக்கு ஏழு. அவர்களே பின்னாளில் உலகம் அறிந்த ரைட் சகோதரர்கள்! 1903 டிசம்பர் 17இல் அவர்கள் இயந்திர விமானத்தில் ஏறிப் பறந்த முதல் பறப்பு வெறும் 12 வினாடி. சுமார் 36 மீற்றர். பெனோவின் விளையாட்டு விமானம் போன தூரங்கூட இல்லை.

அவர்களுடைய தாய் சூசன், வண்டி செய்பவரின் மகள். கருவிகளைக் கையாளத் தெரிந்தவர். பிள்ளைகளுக்குத் தம் கையாலேயே விளையாட்டுச் சாமான் செய்து கொடுத்தவர். கைவேலையில் ஐயம் வந்தால் பிள்ளைகள் ஓடிப் போய்க் கேட்டது அவரைத்தான். 1889இல் காச நோயில் அவர் மறைந்தார். மக்கள் பறந்ததைப் பார்க்கக் கிடைக்கவில்லை. ஆனால் அந்தச் சிறகில் அவர் கையும் இருந்தது அல்லவா?

சரி, எங்கள் ஊர் விமானத்துக்கு வருவோம். இத்தகைய மாதிரிகளுக்கு உலகெங்கும் பால்சா என்னும் இலேசான மரத்தைப் பயன்படுத்துவார்கள். நமக்குத் தென்னை ஈர்க்கும் மூங்கிலும் போதும். ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைந்த மூங்கில் குச்சிதான் உடல். ஈர்க்கால் சிறகின் சட்டம் கட்டி, பட்டம் கட்டும் மெல்லிய தாளை ஒட்ட வேண்டும். சிறகின் இரு முனைகளும் சற்று மேல்நோக்கி நிற்க வேண்டும். அதுதான் சாயாமல் காக்கும். காற்றாடி இதழை யோகட் கப்பின் வளைந்த பக்கத்தில் சரிவாக வெட்டி எடுத்தோம். காற்றாடிக்கும் குச்சிக்கும் இடையில் ஒரு சிறு கண்ணாடி மணி வேண்டும். இல்லாவிட்டால் உராய்வே பாதி பலத்தைத் தின்றுவிடும்.

பையன் ஒட்டிய தாள் சுருங்கிச் சுருங்கிக் கிடந்தது. ஒரு கிழமையாக எட்டவே நின்று பார்த்துக்கொண்டிருந்த தாய்க்கு அதைப் பொறுக்க முடியவில்லை. "துணியென்டாலும் தாளென்டாலும் இப்படியா இழுப்பாங்க? தா இங்க" என்று வாங்கினார். மாப் பசையை மெல்லியதாகப் பூசி, நடுவிலிருந்து ஓரத்துக்கு இழுத்து ஒட்டினார். இலேசாகத் தண்ணீர் தெளித்து, சட்டம் கோணாமல் பலகையில் ஊசி குத்திக் காய வைத்தார். காய்ந்ததும் தாள் றபான் தோல் போல் விறைத்து நின்றது! தம் தையல் பெட்டியிலிருந்து கண்ணாடி மணியையும் அவரே எடுத்துக் கொடுத்தார்.

இனி இறப்பர். பிரேசிலிலிருந்து வந்த விதையில் முளைத்த கன்றுகள் 1876இல் நம் நாட்டின் ஹெனரத்கொடை பூங்காவுக்கு வந்தன. அந்த மரத்தின் பாலில் உருவான வளையங்களைச் சங்கிலியாகக் கோத்தோம். மண்ணெண்ணெய் படக்கூடாது, இறப்பர் கெட்டுவிடும். ஆமணக்கெண்ணெய் ஒரு துளி தடவினால் முறுக்கு வழுக்கி ஏறும். முதல் நாளே முழு முறுக்கு ஏற்றக்கூடாது. இழுத்துப் பிடித்துச் சிறிது சிறிதாகக் கூட்டிப் பழக்க வேண்டும். பிள்ளை வளர்ப்புக்கும் இதே கணக்குத்தான்!

கச்சான் காற்று பகலில் தூக்கி எறியும். ஆகவே சுபஹுக்குப் பின் பாடசாலை மைதானத்துக்குப் போனோம். விரல்களில் ஏந்தி, சிறகின் முன்விளிம்பிலிருந்து மூன்றில் ஒரு பங்கில் நிறை சமன் நிற்கிறதா என்று பார்த்தோம். முறுக்காமல் மெல்ல எறிந்தோம். மூக்கு குத்தி விழுந்தது. "சிறகக் கொஞ்சம் முன்னுக்குத் தள்ளு" என்றேன். அடுத்த முறை மூக்கை நிமிர்த்தித் திணறி விழுந்தது. ஓர் ஈர்க்கு அகலம் பின்னுக்குத் தள்ளினான். இப்போது வழுக்கிக்கொண்டு இறங்கியது.

வாலைப் பொருத்தும்போது அப்பாஸ் இப்னு பிர்னாஸ் கதையை அவனுக்குச் சொன்னேன். ஒன்பதாம் நூற்றாண்டில் குர்துபாவில் சிறகு கட்டிப் பறந்தவர் அவர். வால் வைக்காததால் இறங்கும்போது முதுகில் அடிபட்டார் என்று அல்மக்கரீ எழுதியிருக்கிறார்.

நூறு முறுக்கு ஏற்றி விட்டான். இடப்பக்கம் சாய்ந்து சுருண்டது. காற்றாடி ஒரு பக்கம் சுழன்றால் உடல் மறுபக்கம் திரும்பப் பார்க்கும். காற்றாடி அச்சை ஒரு மயிரிழை வலப்பக்கம் திருப்பினோம். நூற்றைம்பது முறுக்கு. இந்த முறை அது எழுந்தது! சத்தமேயில்லாமல் எங்கள் தலைக்கு மேலால் போய்ப் புல்லில் இறங்கியது. கையிலிருந்த மணிக்கூடு ஒன்பது வினாடி காட்டியது.

அந்தத் தாய் நிமிர்ந்து பார்த்தபடி நின்றார். "இன்னொருக்கா விடு மகன்" என்று மட்டும் சொன்னார்.

அன்று அவன் கொப்பியைப் பார்த்தேன். முறுக்கு இத்தனை, வினாடி இத்தனை, சராசரி இத்தனை என்று கோடு போட்டு எழுதியிருந்தான். முப்பது மார்க்குப் பிள்ளை! கேட்க ஒரு காரணம் கிடைத்ததும் கணக்கு அவனிடம் தானாகவே வந்தது. அடுத்த தவணையில் அவன் எடுத்தது நாற்பத்தாறு. பெரிய மார்க்கில்லை, ஆனால் அவனே ஏறிய படி.

சகோதரிகளே! உங்கள் பிள்ளை எதையாவது கட்டிக்கொண்டிருந்தால் அடுப்புக்கு அனுப்பும் முன் பக்கத்தில் உட்கார்ந்து, "இது எப்படி வேலை செய்யும்?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். தைக்கவும் பின்னவும் தெரிந்த உங்கள் கைகளில் அவனுக்குத் தேவையான பாடம் ஏராளம். மகளென்றாலும் இதையே செய்யுங்கள். ஈர்க்குக்கும் இறப்பருக்கும் ஆண் பெண் தெரியாது. செலவும் சிறிதுதான். விடுமுறை வருகிறது, பழைய யோகட் கப் ஒன்றைக் கழுவி எடுத்து வையுங்கள்.