மறந்துபோன இணைப்பு

குற்றத்தைத் தேடப் புறப்படும் மனிதன் பெரும்பாலும் அடுத்தவர் வாசலிலிருந்தே தேடலைத் தொடங்குகிறான். இருபத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாகப் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் அமர்ந்து வரும் எனக்கு இது புதிய செய்தி அன்று. ஆயினும், இதே உண்மையை என்னைப் பற்றி எனக்கு உணர்த்துவதற்கு ஒரு மடிக்கணினியும், உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு மவுசும் தேவைப்பட்டன. பலர் முன்னிலையில் செய்த தவற்றைப் பலர் அறியச் சொல்வதே முறை என்பதால் இதனை எழுதுகிறேன்.

எங்கள் பங்கு அலுவலகத்தில் ஒரு மடிக்கணினி உண்டு. ஞானஸ்நானச் சான்றிதழ், திருமண ஓலை, ஞாயிறு அறிவிப்புகள் எல்லாம் அதில்தான். ஞாயிறுதோறும் பாடகர் குழுவைச் சேர்ந்த தம்பி ஒருவர் அதைக் கோவிலுக்கு எடுத்துச் சென்று, பாடல் வரிகளைத் திரையில் காட்டிவிட்டுத் திரும்பக் கொண்டுவந்து வைப்பார். சென்ற ஆண்டு அக்டோபர் இறுதி ஞாயிறன்று அவ்வாறு கொண்டுவந்தவர், அலுவலக மேசையில் அதைத் திறந்து வைத்துச் சற்றுத் தயங்கினார். விரலால் தடவும் தொடுபலகை, அதாவது டச்பேட், அசைவற்றுக் கிடந்தது.

"சாமி, கோவிலில் நன்றாகத்தான் இருந்தது. இங்கே வந்த பிறகுதான் வேலை செய்யவில்லை" என்றார்.

பாடகர் குழுவினர் நால்வர் அங்கே நின்றிருந்தனர். நான் சொன்ன சொற்களை அப்படியே எழுத என் கை கூசுகிறது. 'கொடுத்ததைக் கொடுத்தபடி திருப்பித் தரத் தெரியாதவர்கள் தொடாமல் இருப்பதே நல்லது' என்பது அவற்றின் சாரம். அவர் பதில் பேசவில்லை. கணினியின் பையை மடித்து மேசைமேல் வைத்துவிட்டுப் போனார்.

மறுநாள் நகரத்திலுள்ள பழுதுபார்க்கும் கடைக்கு அதை எடுத்துச் சென்றேன். கடைக்காரர் திறந்து தடவிப் பார்த்தார். அம்புக்குறி அவர் விரல் சென்ற வழியெல்லாம் பணிவுடன் சென்றது. "ஒன்றுமில்லையே சாமி" என்று திருப்பித் தந்தார். வீட்டுக்கு வந்ததும் சிறிது நேரம் நன்றாக இருந்தது. பிறகு மீண்டும் மரத்துப்போயிற்று. பார்ப்பவர்முன் நலமாகவும் என்முன் நோயாகவும் நடிக்கும் அக்கருவியின்மீது எனக்கு வந்த கோபமும் அந்தத் தம்பியின் கணக்கிலேயே சேர்ந்தது.

இதற்கிடையில் கல்லறைத் திருநாள் நெருங்கியது. நவம்பர் 2 மாலை, கல்லறைத் தோட்டத்தில் நடக்கும் திருப்பலியில் அவ்வாண்டு இறந்தவர்களின் பெயர்களையும், பூசைக் கருத்து எழுதிக் கொடுத்தோர் குறிப்பிட்ட பெயர்களையும் வாசிப்பது எங்கள் பங்கின் வழக்கம். முந்திய இரவு அமர்ந்து, இழுப்பறையிலிருந்து ரசீதுப் புத்தகங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பெயர்களைத் தட்டச்சு செய்தேன். தொடுபலகை உதவாததால் விசைகளைக் கொண்டே வேலையை முடித்தேன். இடையிடையே அம்புக்குறி தானாகத் துள்ளுவதைக் கண்டேன், களைப்பில் பொருட்படுத்தவில்லை. நள்ளிரவில் பட்டியலை அச்செடுத்துவிட்டுப் படுக்கச் சென்றேன்.

மறுநாள் திருப்பலி முடிந்து, கல்லறைகளை மந்திரித்துவிட்டுத் திரும்பும்போது ஒரு தாய் என்னை மறித்தார். அந்தத் தம்பியின் தாய். கையில் அணையாத மெழுகுதிரி இருந்தது.

"எங்க வீட்டுக்காரர் பேரை நீங்க வாசிக்கலையே சாமி. பையன்மேலே கோபம்னா, செத்தவர் என்ன செய்தார்?"

அவருடைய கணவர் அவ்வாண்டு தவக்காலத்தில் இறந்தவர். அடக்கத் திருப்பலி நிறைவேற்றியவனே நான்தான். என் கையிலிருந்த தாளைப் புரட்டினேன். பெயர் இல்லை. அந்நேரத்தில் என் வாயில் வந்த முதல் சொல் மன்னிப்பாக இருந்திருக்க வேண்டும். நான் சொன்னதோ, "கணினிக் கோளாறு அம்மா, அதை உங்கள் மகனிடம்தான் கேட்க வேண்டும்" என்பது. அவர் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, மெழுகுதிரியோடு கணவரின் கல்லறைப் பக்கம் திரும்பிப் போனார்.

அன்றிரவு என் மனத்தைச் சமாதானப்படுத்தக் குருமடத்தில் கற்ற இறையியல் முழுவதும் துணைக்கு வந்தது. இறைவனின் நினைவிலிருந்து எந்தப் பெயரும் அழிவதில்லை. இறந்தோருக்காகத் திருச்சபை ஒப்புக்கொடுக்கும் பலியின் பயன், ஒலிபெருக்கியில் பெயர் கேட்பதைப் பொறுத்தது அன்று. இவை யாவும் உண்மையே. ஆனால், உண்மையையும் ஒளிந்துகொள்ளும் இடமாக்க முடியும் என்பதை அன்று கண்டேன்.

அடுத்த நாள் கணினியோடு மீண்டும் அதே கடைக்குச் சென்றேன். அங்கே மறுபடியும் தொடுபலகை நன்றாக வேலை செய்தது. கடைக்காரர் இம்முறை கணினியை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். "சாமி, வீட்டில் மட்டும்தான் கெடுகிறது என்றால், கோளாறு கம்ப்யூட்டரில் இல்லை, வீட்டில் இருக்கிறது. இதோடு வேறு ஏதாவது இணைத்திருக்கிறீர்களா?" "எதுவுமில்லை" என்றேன், உறுதியாக. அவர் விவாதிக்கவில்லை. நாற்காலியைக் காட்டி உட்காரச் சொல்லி, இத்தகைய கோளாறுகளை எவ்வாறு ஆராய்வது என்று பொறுமையாகச் சொல்லித் தந்தார். நான் கேட்ட நல்ல தியான உரைகளுள் ஒன்றாக அதை நினைவில் வைத்திருக்கிறேன்.

தொடுபலகையின் மேற்பரப்புக்கு அடியில் குறுக்கும் நெடுக்குமாக மின்கடத்திக் கோடுகள் ஓடுகின்றன. விரல் நெருங்கும்போது அவ்விடத்தில் மின்தேக்குத் திறன் மாறுகிறது. அம்மாற்றத்தைக் கொண்டே விரல் இருக்குமிடத்தைக் கணினி அறிகிறது. ஆகவே வியர்வையும் ஈரமும் அதை ஏமாற்றும். முதலில் துடைத்துப் பார்க்க வேண்டும். எர்த் சரியில்லாத மின்னிணைப்போ தரமற்ற சார்ஜரோ இருந்தால் அம்புக்குறி நடுங்கித் துள்ளும். சார்ஜரைக் கழற்றிவிட்டுப் பார்க்க வேண்டும். சில கணினிகளில் தொடுபலகையை நிறுத்தவும் இயக்கவும் விசைப்பலகையிலேயே ஒரு விசை உண்டு. அறியாமல் அது அழுந்தியிருக்கலாம். தொடுபலகை மேலெழும்பியிருந்தாலோ அழுத்த முடியாதபடி இறுகியிருந்தாலோ, அடியிலுள்ள லித்தியம் அயனி பேட்டரி வீங்கியிருக்கக்கூடும். அப்போது ஆராய்ச்சியில் இறங்காமல் சார்ஜரைப் பிடுங்கி, கணினியை அணைத்துக் கடைக்குக் கொண்டுவர வேண்டும். இல்லையேல் தீப்பற்றும் ஆபத்துண்டு.

அடுத்து, கம்பியில்லாக் கருவிகள். மவுஸ், விசைப்பலகை, ஹெட்போன் ஆகியவற்றுள் பெரும்பாலானவை உரிமமின்றிப் பயன்படுத்தத்தக்க 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசைப் பகுதியில் பேசுகின்றன. வைஃபையும் அங்கேதான் பேசுகிறது. மைக்ரோவேவ் அடுப்பின் அலைகளும் அங்கேதான் கசிகின்றன. யுஎஸ்பி 3.0 கருவிகளும் கேபிள்களும் எழுப்பும் இரைச்சல் இப்பகுதியிலேயே விழுந்து கம்பியில்லா மவுசுகளைத் தடுமாறச் செய்வதை இன்டெல் நிறுவனம் 2012-இல் ஓர் அறிக்கையில் விளக்கியது. மவுசின் சிறிய ரிசீவரை அத்தகைய கருவியின் அருகிலிருந்து சற்றுத் தள்ளிப் பொருத்தினாலே பலமுறை சரியாகிவிடும். இவை ஒன்றையொன்று மறைக்கும் கோளாறுகள். ஆகவே எல்லா இணைப்புகளையும் நீக்கிவிட்டு, ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒரே நேரத்தில் இரண்டை மாற்றினால், எது நோய், எது மருந்து என்று தெரியாமல் போகும்.

இதைக் கேட்டபோது புனித இஞ்ஞாசியாரின் நினைவு வந்தது. 1548-இல் திருத்தந்தை மூன்றாம் பவுலின் ஒப்புதலைப் பெற்ற 'ஆன்மிகப் பயிற்சிகள்' நூலில் அவர் கற்பிக்கும் தனி ஆய்வும் இத்தகையதே. எல்லாக் குறைகளையும் ஒரே நாளில் களைய முற்படாமல், ஒரே ஒரு குறையைத் தேர்ந்து, அதில் விழும்தோறும் கோட்டின்மேல் புள்ளியிட்டு, நாளுக்கு நாள் ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்கிறார் அவர். குருமடத்தில் இதைப் பல முறை கற்றிருக்கிறேன். பல தியானங்களில் கற்பித்தும் இருக்கிறேன். அந்த வாரத்தில் ஒருமுறைகூட அதைச் செய்யவில்லை.

அன்று மாலை பங்கு இல்லம் திரும்பி, விடுபட்ட பெயர்களைக் கண்டறிய ரசீதுகளையும் பட்டியலையும் ஒப்பிட அமர்ந்தேன். கணினி திறந்திருந்தது. ரசீதுப் புத்தகத்தை எடுக்க இழுப்பறையை இழுத்தேன். திரையில் அம்புக்குறி ஓடியது. இழுப்பறையை உள்ளே தள்ளினேன். மீண்டும் ஓடியது.

புத்தகங்களை வெளியே எடுத்துப் போட்டேன். அடியில், ஒரு மவுஸ்.

என் குருத்துவ வெள்ளி விழாவுக்கு உறவினர் ஒருவர் அன்பளித்த புளூடூத் மவுஸ் அது. பயன்படுத்தத் தொடங்கிய நாளில், தட்டச்சு செய்யும்போது மணிக்கட்டு தொடுபலகையில் பட்டுத் தொல்லை தந்ததால், மவுஸ் இணைந்திருக்கும்போது தொடுபலகை ஓய்ந்திருக்கட்டும் என்று கணினியின் அமைப்பில் அடையாளமிட்டவன் நானே. அக்டோபர் நடுவில் ரசீதுப் புத்தகங்களுக்கு இடம் செய்ய மேசையை ஒழித்தபோது, மவுசை இழுப்பறைக்குள் போட்டவனும் நானே. அதன் அடியிலுள்ள பொத்தானை அணைக்கவில்லை, மறந்தே போனேன். அது மறக்கவில்லை. அசையாதிருக்கும்வரை உறங்கியது, இழுப்பறை அசைந்தபோதெல்லாம் விழித்துக் கணினியோடு இணைந்தது, இணைந்தவுடன் தொடுபலகையின் வாயை அடைத்தது. பட்டியல் எழுதிய இரவில், புத்தகங்களின் கனத்தில் அதன் பொத்தான் அழுந்தியபடியே இழுப்பறை நகர்ந்தபோது, திரையில் சில வரிகள் தேர்வாகியிருக்க வேண்டும். அடுத்து நான் தட்டிய எழுத்து அவ்வரிகளை விழுங்கிவிட்டது. ரசீதுகளோடு ஒப்பிட்டபோது, அடுத்தடுத்து நான்கு பெயர்கள் இல்லை. அவற்றுள் இரண்டாவது, அந்தத் தம்பியின் தந்தை பெயர்.

இத்தகைய சிறு கருவிகளின் புளூடூத் அலை பொதுவாக 10 மீட்டர் அளவுக்கே எட்டும். முற்றத்தைத் தாண்டி நிற்கும் கோவிலை அது எட்டவில்லை. நகரத்துக் கடையை எவ்வாறு எட்டும்? 'கோவிலில் நன்றாகத்தான் இருந்தது. இங்கே வந்த பிறகுதான் வேலை செய்யவில்லை' என்று அவர் சொன்ன ஒரே வாக்கியத்தில் நோயின் முழு வரலாறும் இருந்தது. குற்றவாளியை முன்னரே முடிவு செய்துவிட்டவன் சாட்சியத்தைக் கேட்பதில்லை. கண்ணில் கிடக்கும் மரக்கட்டையைப் பற்றி மலைப்பொழிவில் ஆண்டவர் கூறியதற்கு எத்தனையோ ஞாயிறுகளில் நான் விளக்கம் தந்திருக்கிறேன். என் கட்டை இழுப்பறைக்குள் கிடந்தது.

புளூடூத் என்னும் பெயருக்கே ஒரு வரலாறு உண்டு. பத்தாம் நூற்றாண்டில் டென்மார்க்கை ஆண்ட ஹரால்ட் என்னும் அரசனின் பட்டப்பெயர் அது, பொருள் 'நீலப்பல்'. டென்மார்க்கையும் நார்வேயையும் தன்வயப்படுத்தி, டேனியர்களைக் கிறிஸ்தவர்களாக்கியவன் என்று, யெல்லிங் என்னும் ஊரில் அவனே நாட்டிய கல்வெட்டு அவனைப் பற்றிக் கூறுகிறது. பிரிந்து கிடந்தோரை இணைத்தவன் என்பதால், வெவ்வேறு கருவிகளை இணைக்கும் இத்தொழில்நுட்பத்திற்கு 1990-களின் பிற்பகுதியில் அவன் பெயரைச் சூட்டினர். இணைப்பதற்காக வந்த கருவி என் வீட்டில் பிரிவினை செய்தது என்று எழுதினால் அழகாக இருக்கும். ஆனால் அது மீண்டும் ஒரு கருவியின்மேல் பழிபோடுவதாகும். கருவி தனக்கு இட்ட பணியைச் செய்தது. பிரித்தது என் நாக்கு.

அன்று இரவு எட்டு மணிக்கு மறுநாள் திருப்பலிக்கான வாசகங்களை எடுத்து வைத்தேன். காணிக்கையைப் பீடத்தின் முன் வைத்துவிட்டு, முதலில் போய்ச் சகோதரனோடு நல்லுறவு ஏற்படுத்திக்கொள்ள வேண்டும் என்று கிறிஸ்து கேட்டது நினைவுக்கு வந்தது. போன் செய்யலாமா என்று எண்ணினேன். கம்பியில்லா இணைப்பு எனக்குப் போதும் போதும் என்றாகியிருந்தது, நடந்தே சென்றேன்.

வீட்டில் தாயும் மகனும் இருந்தனர். நடந்ததை மறைக்காமல் சொன்னேன். பாடகர் குழுவினர் முன் திட்டியதால் அவர்கள் முன்னிலையிலேயே மன்னிப்புக் கேட்பேன் என்றும், வரும் ஞாயிறு திருப்பலியை விடுபட்ட அந்த நால்வருக்காகவும் ஒப்புக்கொடுப்பேன் என்றும் கூறினேன். தாய் சற்று நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அவர் பேரை ஒருதரம் சத்தமா வாசிச்சிருங்க சாமி, போதும்" என்றார். தம்பி மட்டும் எதையோ யோசித்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார்: "மவுசை அணைச்சிட்டீங்களா சாமி?"

அணைக்கவில்லை. கண்டுபிடித்த பரபரப்பில் மேசைமேலேயே விட்டுவிட்டு வந்திருந்தேன். அவரே என்னுடன் நடந்து வந்து, அதன் அடியிலிருந்த பொத்தானைத் தள்ளி அணைத்தார். பின் கணினி அமைப்பில் நான் இட்டிருந்த அடையாளத்தையும் நீக்கினார்.

ஞாயிறன்று பாடகர் குழுவினர் முன் மன்னிப்புக் கேட்டேன். நான்கு பெயர்களையும் ஒவ்வொன்றாக, நிறுத்தி வாசித்தேன். இரண்டாவது பெயருக்குப் பிறகு பாடகர் குழுவின் பக்கம் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை. ஆனால் அடுத்த பாடலின் வரிகள், ஒரு நொடியும் பிந்தாமல், திரையில் தோன்றின.