வெட்டி எடுத்த பேரு

ஹாஸ்டல்ல கிறிஸ்துமஸ் வந்தா போனி எம் கேசட்டுதான். பாபிலோன் ஆத்தங்கரைப் பாட்டுக்கு நானும் ஆடியிருக்கேன். அது அவங்க பாட்டில்லைனு ரொம்ப நாள் கழிச்சுத்தான் தெரிஞ்சது.

1970-ல் அதைப் பாடியவர்கள் ஜமைக்காவின் மெலோடியன்ஸ். பிரெண்ட் டோவ், டோனி பிரெவெட், ட்ரெவர் மெக்நாட்டன், மூணு குரல். சங்கீதம் 137-ல சிறைபிடிச்சவன், அழுறவங்களைப் பார்த்துப் பாட்டுப் பாடுங்கன்னு கேக்கறான். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமையாக் கொண்டுபோனவங்க வம்சத்துக்கு அது யாரு கதைன்னு சொல்லணுமா? கர்த்தர் வர்ற எடத்துல எத்தியோப்பிய மன்னர் ஹெய்லி செலாசியைக் குறிக்கிற பேரை வச்சுப் பாடினாங்க. ராஸ்தாபாரிகளுக்கு அவர்தான் சாமி. 1963-ல் அந்த ராஸ்தாக்களைப் போலீஸ் வளைச்சுப் பிடிச்சு, அடிச்சு, சடையை வெட்டின நாடு அது. பாட்டையும் அரசாங்கம் தடை செய்தது. எல்லாம் பைபிள்ல உள்ளதுதானேன்னு தயாரிப்பாளர் லெஸ்லி காங் எடுத்துச் சொன்ன பிறகே தடை நீங்கியது.

1978-ல் போனி எம் பாடி உலகமெல்லாம் வித்தது. பாடின லிஸ் மிட்செலும் ஜமைக்காவில் பிறந்தவர்தான். ஆனா அந்தப் பேரு அதுல இல்லை, கர்த்தர் திரும்ப வந்துட்டார். தடை போடாமலே காரியம் முடிஞ்சது.

செலாசியும் ஒரு ராஜாதான், எனக்கு அவர் சாமி இல்லை. இருந்தாலும் எங்கயாவது போனி எம் ஓடினா, அந்த எடம் வரும்போது வெட்டின பேரைச் சேத்துத்தான் நான் பாடறேன்.