109 என்று சொன்னவருக்கு

அன்புள்ள இரவுப் பணி லேப் டெக்னீசியன் அவர்களுக்கு,

உங்கள் பெயர் எனக்குத் தெரியாது. நீங்கள் ஆணா பெண்ணா என்பதுகூடத் தெரியாது. 2024 மே 30, விடியற்காலை இரண்டே முக்கால் மணிக்கு டெல்லியில் ஓர் ஆஸ்பத்திரியின் நான்காம் மாடி வார்டில் தொலைபேசி அடித்தது. எடுத்தவர் மலையாளி சிஸ்டர் ஒருவர். பக்கத்தில் நின்ற எனக்கு அவர் இந்தியில் பேசிய பாதி மட்டும்தான் கேட்டது.

"ஆமாம், பெட் பதினாலு... இல்லையில்லை, வலது கையில்தான் எடுத்தேன், டிரிப் இடது கையில் ஓடுது... சொல்லுங்க... ஒன், ஸீரோ, நைன். திரும்பச் சொல்றேன், ஒன் ஸீரோ நைன்."

உள்ளங்கையில் பேனாவால் அந்த எண்ணை எழுதிக்கொண்டு டாக்டரை எழுப்ப ஓடினார். அந்த 109 என் அம்மாவின் இரத்தத்தில் இருந்த சோடியம். 135-க்குக் கீழே போகக் கூடாத எண். மறுமுனையில் இருந்தவர் நீங்கள். இந்த நன்றியை உங்களிடம் நேரில் சொல்ல முடியவில்லை என்பதால் எல்லோரும் படிக்கிற இடத்தில் எழுதுகிறேன்.

அம்மாவுக்கு அப்போது 76 வயது. கும்பகோணத்துக்காரர். அப்பா போன பிறகு எங்களோடு மயூர் விஹாரில் இருக்கிறார். இரத்த அழுத்தத்துக்காகப் பல வருடமாக ஒரு மாத்திரை சாப்பிட்டு வந்தார். உப்பைச் சிறுநீரோடு வெளியேற்றி அழுத்தத்தைக் குறைக்கும் வகை, தையசைடு. அதற்கு மேல் சமையலில் உப்பைக் குறைத்தது நாங்கள். மே மாத வெயில் கொளுத்தத் தொடங்கியதும் "தண்ணி குடி, தண்ணி குடி" என்று மணிக்கொரு தரம் சொம்பை நீட்டியதும் நாங்கள்தான். சாப்பாடு இறங்கவில்லை என்று உப்பில்லாத கஞ்சி. பிறகு வாந்தி, மூன்று நாள். ஒவ்வொன்றும் அக்கறையில் செய்தது. எல்லாம் சேர்ந்து என்ன ஆகும் என்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை.

நான்காம் நாள் சாயங்காலம் நாலு மணிக்குப் பால்காரர் வந்தாச்சா என்று கேட்டார். என்னை என் மாமா பெயர் சொல்லி அழைத்தார். அக்கம்பக்கத்தார் லூ, அதாவது வட இந்திய வெப்பக்காற்று, அடித்திருக்கிறது என்றார்கள். மறுநாள் காலையில் நாங்கள் ஓடிய ஒரு கிளினிக்கில் "வயசாச்சு இல்லையா, மறதி ஆரம்பிக்குது" என்று சொல்லி ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றி அனுப்பினார்கள். நம் ஊரில் சோர்ந்து கிடக்கும் யாருக்கும் கேட்டு வாங்கி ஏற்றிக்கொள்வது அதைத்தான். உடம்பு அதிலுள்ள சர்க்கரையை எரித்துவிட்டால் மிஞ்சுவது வெறும் தண்ணீர் என்பதும், அம்மாவின் உடம்பில் ஏற்கெனவே உப்பைவிடத் தண்ணீர்தான் கூடிப்போயிருந்தது என்பதும் பின்னால்தான் தெரிந்தது. இரவு வருவதற்குள் கண் திறக்கவில்லை.

அது மே 29. எமர்ஜென்சி வாசலில் காத்திருந்தவர்கள் கையிலெல்லாம் ஒரே செய்தி: வடமேற்கு டெல்லி முங்கேஷ்பூரில் 52.9 டிகிரி. ராம் மனோகர் லோகியா ஆஸ்பத்திரியில் அந்த மாதம்தான் வெப்பத்தாக்கு நோயாளிகளுக்கென்றே பனிக்கட்டித் தொட்டிகளுடன் தனிப் பிரிவு திறந்திருந்தார்கள். மயங்கிய நிலையில் வருகிற ஒவ்வொருவரையும் வெயிலோடு சேர்த்துப் பார்ப்பது இயல்பான வாரம் அது. அம்மாவுக்குக் காய்ச்சல் 99 தான். தலையை சிடி ஸ்கேன் எடுத்தார்கள், கோளாறு இல்லை. ரெசிடென்ட் டாக்டர், என் மகள் வயசு இருக்கும், மாத்திரைச் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வாந்தி எத்தனை நாள்?" என்று கேட்டுவிட்டு இரத்தம் எடுக்கச் சொன்னார். அந்தக் குழாய்தான் உங்களிடம் வந்தது.

நீங்கள் செய்தது என்ன என்பதை அந்த டாக்டர்தான் பிறகு ஒரு நாள் படிக்கட்டில் நின்று எனக்கு விளக்கினார். 109 வந்ததும் அதை அப்படியே அனுப்பிவிடவில்லை, "இப்படி இருக்காது" என்று ஒதுக்கவும் இல்லை. அதே மாதிரியை மறுபடி ஓட்டிப் பார்த்தீர்கள். குளுக்கோஸ் ஓடுகிற கையிலிருந்தே இரத்தம் எடுத்திருந்தால் சோடியம் பொய்யாகக் குறையும் என்பதால் எந்தக் கை என்று கேட்டீர்கள். அப்படிக் கலந்திருந்தால் சர்க்கரை எகிறியிருக்க வேண்டும். அது 118 தான். இரத்தத்தில் கொழுப்பு மிக அதிகமானாலும் பெரிய மெஷின் சோடியத்தைக் குறைத்துக் காட்டுமாம். ஆகவே வார்டிலிருந்து வந்த, தமனி இரத்தத்தைச் சோதிக்கும் ஏபிஜி ஊசியின் கணக்கோடு ஒப்பிட்டீர்கள். ஏபிஜி மெஷின் இரத்தத்தை நீர்க்கச் செய்யாமல் நேரடியாக அளப்பது. அதில் 110. இரண்டு வழியில் அளந்தும் ஒரே கதை. அதன் பிறகுதான் ரிசீவரை எடுத்தீர்கள். சிஸ்டரை எண்ணைத் திரும்பச் சொல்ல வைத்தீர்கள். அவசரத்தில் 109 என்பது 129 ஆகக் காதில் விழுந்திருந்தால் டாக்டரின் தூக்கம் இன்னும் ஒரு மணி நேரம் நீண்டிருக்கும்.

ஜூன் 1 அன்று வானிலைத் துறை அறிவித்தது: முங்கேஷ்பூர் கருவி சரியான அளவைவிட 3 டிகிரி கூடுதலாகக் காட்டியிருக்கிறது. ஊரே நம்பிப் பகிர்ந்த எண் அது. அதை ஆள் அனுப்பிச் சோதித்தார்களே என்று எனக்கு மரியாதை வந்தது. அந்த எண் பரவிய அதே இரவில், யாரும் கேட்காமலே, நீங்களும் ஓர் எண்ணைச் சந்தேகப்பட்டுச் சோதித்தீர்கள். உங்களுடையது நிஜம் என்று தேறியது.

ஏபிஜி தாளில் இன்னும் மூன்று எண்கள் இருந்தன. பிஎச் 7.51, பைகார்பனேட் 33, பொட்டாசியம் 2.6. இரத்தம் காரமாகியிருக்கிறது என்று அர்த்தமாம். வாந்தியில் வயிற்று அமிலம் போனது, மாத்திரை உப்போடு பொட்டாசியத்தையும் இழுத்துக்கொண்டு போனது. "இந்த மூணு எண்ணையும் சேர்த்து வெச்சா உங்க அம்மாவோட கடைசி வாரத்தை அப்படியே படிச்சிடலாம்" என்றார் டாக்டர். நாங்கள் வாயால் சொல்லத் தெரியாமல் விட்டதையெல்லாம் அந்தத் தாள் சொல்லியிருந்தது.

என் அலுவலகம் காஷ்மீரி கேட் பக்கம். லோதியன் சாலையில் ஒரு கல்தூண் நிற்கிறது, சிப்பாய்க் கிளர்ச்சியின்போது 1857 மே 11 அன்று டெல்லித் தந்தி நிலையத்திலிருந்து அம்பாலாவுக்குச் செய்தி அனுப்பியவர்களின் நினைவாகத் தந்தித் துறையினர் 1902-ல் எழுப்பியது. பல வருடம் அதைக் கடந்து போயிருக்கிறேன். அம்மா வீடு திரும்பிய பிறகு சோடியத்தைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தபோது ஒரு பெயர் என்னை நிறுத்தியது. வில்லியம் ஓஷானசி, அயர்லாந்துக்காரர். 1831-ல் 22 வயதில் இங்கிலாந்தின் சண்டர்லாண்டுக்குப் போய்க் காலரா நோயாளிகளின் இரத்தத்தைச் சோதித்தார். அதில் தண்ணீரும் உப்பும் காரமும் குறைந்திருக்கின்றன என்று கண்டு எழுதினார். அதை வைத்து 1832-ல் தாமஸ் லாட்டா என்ற மருத்துவர் லீத் நகரில் இரத்தக் குழாய் வழியாக உப்பு நீர் ஏற்றினார். நாம் இன்று பார்க்கும் டிரிப்பின் தொடக்கம் அது. ஓஷானசியோ 1833-ல் கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவராகக் கல்கத்தாவுக்கு வந்தார், மருத்துவக் கல்லூரியில் வேதியியல் கற்பித்தார், பின்னர் இந்தியாவெங்கும் தந்திக் கம்பி இழுத்தவரும் அவரே. கல்கத்தாவிலிருந்து ஆக்ரா, பம்பாய், மதராஸ் வரை. டெல்லித் தந்தியும் அந்த வலையில் சேர்ந்ததே.

இரத்தத்தில் உப்பு குறைந்ததைக் கண்டதும், அவசரச் செய்தியைக் கம்பி வழியே தொலைவுக்குச் சேர்ப்பதும் ஒரே மனிதரின் வாழ்நாளில் நடந்த இரு வேலைகள். அந்த இரவில் நீங்கள் இரண்டையும் அரை மணி நேரத்தில் செய்தீர்கள். இப்போது அந்தத் தூணைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு உங்கள் ஞாபகம்தான் வருகிறது.

உங்கள் தொலைபேசி அழைப்புக்குப் பிறகு வார்டில் நடந்ததில் எனக்கு மிகவும் புரியாமல் இருந்தது டாக்டர்களின் நிதானம். 109-ஐ 135 ஆக்க வேண்டியதுதானே, உப்பு நீர் பாட்டில்தான் இருக்கிறதே என்று நான் சண்டையே போட்டேன். கெட்டியான 3 சதவீத உப்பு நீரைச் சிறிதளவு கொடுத்துவிட்டு நிறுத்தினார்கள். 24 மணி நேரத்தில் எட்டுக்கு மேல் ஏறக் கூடாது என்றார் டாக்டர். சோடியம் மெல்லக் குறையும்போது மூளை தன்னிடமிருந்த உப்புகளை வெளியே விட்டு அந்த நிலைக்குப் பழகிவிடுகிறது. திடீரென்று ஏற்றினால் நரம்புகளின் உறை சிதைந்து, சில நாள் கழித்துப் பேச்சும் விழுங்குதலும் கைகால் அசைவும் போய்விடலாம். அந்தச் சிதைவை 1959-ல் ஆடம்ஸ், விக்டர், மான்கால் என்று மூவர் விவரித்தார்கள். வேகமாக ஏற்றுவதுதான் காரணம் என்பது புரிய இன்னும் பல வருடம் ஆனது. பொட்டாசியமும் குறைந்த, ஊட்டம் குன்றிய உடம்புக்கு அந்த ஆபத்து அதிகம். அம்மா அதில் சேர்ந்தவர்.

காலை ஏழு மணிக்கு 112. மதியம் ஒரு மணிக்கு 116. எனக்கு மகிழ்ச்சி, சிஸ்டர் முகத்தில் கவலை. சிறுநீர்ப் பை மணிக்கு முந்நூறு மில்லிக்கு மேல் நிறைந்துகொண்டிருந்தது. உடம்பு தேக்கி வைத்த தண்ணீரைத் தானாகவே கொட்டத் தொடங்கிவிட்டது. இப்படியே விட்டால் இரவுக்குள் எண் எகிறிவிடும். கிளினிக்கில் அம்மாவைக் கெடுத்த அதே குளுக்கோஸ் நீரை இப்போது கணக்காக ஏற்றி ஏற்றத்தைப் பிடித்து நிறுத்தினார்கள். மாலை 115, இரவு 116, மறுநாள் விடியற்காலை மூன்று மணிக்கு 117. சரியாக எட்டு. மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை வார்டு பாய் ஒரு குழாயோடு கீழே இறங்கினார், ஒவ்வொன்றுக்கும் உங்கள் அறையிலிருந்து ஓர் எண் மேலே வந்தது. நீங்கள் ஒரு முறை தாமதித்திருந்தால் அவர்கள் இருட்டில் ஓட்டியிருப்பார்கள்.

ஐந்தாம் நாள் அம்மா என்னை என் பெயரால் கூப்பிட்டார். ஆஸ்பத்திரிப் பருப்பை ஒரு வாய் வைத்துவிட்டு "உப்பே இல்லையேடா" என்றார். சிஸ்டர் சிரித்த சிரிப்பு வார்டு முழுக்கக் கேட்டது. அந்த மாத்திரையை நிறுத்தி வேறு கொடுத்திருக்கிறார்கள். சென்ற மாதம் பார்த்தபோது 136.

முதல் ரிப்போர்ட்டை வைத்திருக்கிறேன். அடியில் சின்ன எழுத்தில் ஒரு வரி: மறுபடி சோதிக்கப்பட்டது, வார்டுக்குத் தெரிவிக்கப்பட்டது, 02:47. உங்களைப் பற்றி என்னிடம் இருப்பது அந்த வரி மட்டும். டிஸ்சார்ஜ் அன்று லேப் ஜன்னலுக்குப் போய்க் கேட்டேன். காலைப் பணியில் இருந்தவர் டியூட்டி மாறிக்கொண்டே இருக்கும், அன்று யார் என்று பார்த்துத்தான் சொல்ல வேண்டும் என்றார். பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது. முறுக்கு டப்பாவை ஜன்னலில் வைத்துவிட்டு வந்தேன்.

வீட்டில் இதைச் சொன்னபோது அம்மா கேட்டது ஒன்றே ஒன்று. "ராத்திரி பூரா முழிச்சு இருக்கிற பிள்ளை, எப்போடா சாப்பிடும்?" எனக்குப் பதில் தெரியவில்லை. நீங்கள் இதைப் படித்தால் அம்மாவுக்கு ஒரு வரி எழுதுங்கள்.


பெட் 14-இன் மகன்
மயூர் விஹார், டெல்லி