ஒருத்திதான் போனேன், மூன்று பேராக எண்ணினார்கள்

எங்கள் சோமனூரில் தறிச் சத்தம் கேட்காவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. அந்தச் சத்தத்தை விட்டு 2024 ஆனியில் ஏழு நாள் சிங்கப்பூர், மலேசியா போய் வந்தேன். பத்துமலை முருகனைப் பற்றிப் பல சகோதரிகள் எழுதிவிட்டார்கள். நான் எழுத வந்தது கணக்கு.

என் தங்கச்சியை ஜொகூர் பாருவில் கட்டிக் கொடுத்திருக்கிறது. 2021இல் எங்கப்பா காலமானபோது அவளால் வர முடியவில்லை. கொரோனாவுக்காக மலேசியா எல்லையை அடைத்திருந்தது. அப்பா முகத்தைச் செல்போனில் பார்த்தே அழுது தீர்த்தாள். அவளைப் போய்ப் பார்த்தே தீருவது என்று அந்த மாதமே சீட்டுப் போட்டேன். தறி ஓடினால்தானே சீட்டு? 2022 தொடக்கத்தில் கூலி உயர்வு கேட்டுத் தறிகளை நிறுத்தினபோது, தவணை கட்ட என் தோடு அடகுக்குப் போயிற்று.

கோயமுத்தூரிலிருந்து ராத்திரி விமானம். சிங்கப்பூரில் ஒரு நாள் தங்கி, மறுநாள் பஸ்ஸில் ஜொகூர் கிளம்பினோம். கடல்மேல் பாலம் ஒரு கிலோமீட்டர் சொச்சம்தான். நம்மூரில் கருமத்தம்பட்டி போகிற தூரம்கூட இல்லை. அதற்குள் நாடே மாறிவிடுகிறது! இந்தப் பக்கம் ஒரு சோதனை, அந்தப் பக்கம் ஒரு சோதனை. மலேசியாவுக்கு 2023 டிசம்பரிலிருந்து நமக்கு 30 நாள் வரை விசா வேண்டியதில்லை. சிங்கப்பூருக்குத்தான் எடுக்க வேண்டியிருந்தது.

வரிசையில் பி.காம். படிக்கும் என் மகன் சிரித்தான். "அம்மா, நீங்க ஒருத்தர்தான், ஆனா கணக்குல மூணு பேருங்க" என்றான். ஒரு ராத்திரியாவது தங்கினால் சுற்றுலாப் பயணி. எண்ணுவது ஆளை அல்ல, வருகையை. போகும்போது சிங்கப்பூரில் ஒன்று, மலேசியாவில் ஒன்று, திரும்பும்போது சிங்கப்பூரில் தங்கியதற்கு இன்னொன்று!

பஸ்ஸில் எங்கள் பக்கத்தில் காலிப் பைகளோடு சிங்கப்பூர்க்காரப் பெண்கள். சாமான் வாங்க வருகிறார்களாம். அவர்கள் ஒரு வெள்ளிக்கு மூன்று ரிங்கிட்டுக்கு மேல் கிடைக்கிறது, வராமல் இருப்பார்களா? அன்றே திரும்பினால் பயணிக் கணக்கில் சேராது. ஒரு ராத்திரி தங்கினால் சேரும். 2019இல் மலேசியாவுக்கு வந்த 2 கோடியே 61 லட்சம் பேரில் 1 கோடிக்கு மேல் சிங்கப்பூரிலிருந்து வந்தவர்கள்தான். அதே வருடம் இந்தியாவுக்கு வந்த வெளிநாட்டார் சுமார் 1 கோடியே 9 லட்சம். "இத்துனூண்டு நாட்டுக்கு அவ்வளவு பேரா!" என்று எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது. வருமானத்தைப் பார்த்தால் கதை வேறு. அவர்களுக்குச் சுமார் 2000 கோடி டாலர், நமக்குச் சுமார் 3000 கோடி. தலைக்கு வகுத்தால் அங்கே 800 டாலருக்கும் குறைவு, இங்கே 2700க்கு மேல். நம் நாட்டுக்குத் தூரதேசத்திலிருந்து வந்து வாரக்கணக்கில் தங்குகிறவர்கள் அதிகம். கல்யாணத்துக்குப் பந்தி பந்தியாகக் கூட்டம் வரும், மொய் நோட்டைப் புரட்டினால் வேறு கணக்கு இருக்குமே, அது மாதிரி. பிரான்சுக்குத்தான் உலகத்திலேயே அதிகம் பேர், 2024இல் 10 கோடி. வருமானத்தில் முதல் இடம் அமெரிக்காவுக்கு.

எங்களால் மலேசியாவுக்கு என்ன கிடைத்தது? தங்கச்சி வீட்டில் தங்கினோம், லாட்ஜ் செலவு கிடையாது. கோலாலம்பூர் பஸ், ராஜகாளியம்மன் கண்ணாடிக் கோயில் போன ஆட்டோ மாதிரி ஒரு டாக்சி, காப்பித்தூள், இரண்டு கைலி. ரூபாயில் முப்பதாயிரம் தேறாது. எங்கள் பணத்தில் பெரும்பங்கு விமான டிக்கெட்டுக்குத்தான் போயிற்று. அதைச் சுற்றுலா வருமானத்தில் சேர்ப்பதில்லையாம், தனிக் கணக்காம். என் வீட்டுக்காரர், "அப்ப நம்ம சீட்டுப் பணம் எந்த நாட்டுக் கணக்குலயும் வரலீங்களா?" என்று மகனிடம் கேட்டார்.

ஒன்று மட்டும் ஆச்சரியம். திருப்பூர் பனியன் கம்பெனிக்குச் சரக்குப் பார்க்க வரும் வெள்ளைக்காரப் பையர் ஓட்டலில் ஒரு ராத்திரி படுத்தால், அவரும் சுற்றுலாப் பயணிதான். வியாபாரப் பயணமும் கணக்கில் உண்டு. என் தங்கச்சி வந்தால் அந்தப் பட்டியலில் இல்லை. அவள் கையில் இந்தியப் பாஸ்போர்ட். வெளிநாடு வாழ் இந்தியர் என்று தனியாக எழுதிக்கொள்வார்கள்.

2021இல் மலேசியாவுக்கு வந்தவர்கள் வெறும் 1 லட்சத்து 34 ஆயிரம் சொச்சம் என்று மகன் படித்துக் காட்டினான். தங்கச்சி பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்டாள். "அந்த வருசம்தானுங்கக்கா அப்பா போனது" என்றாள். பிறகு வெகுநேரம் குழாயை மூடவே இல்லை.

வரும் தையில் அவள் குழந்தைகளோடு வருகிறாள். அப்பா படுத்திருந்த அறைக்கு வெள்ளையடித்துக்கொண்டிருக்கிறோம்.